இருங்காட்டுக்கோட்டை ஐ20-க்கு அதன் பெயருக்கேற்ற இன்ஜின் வேண்டும்: ஹூண்டாய் இந்தியாவுக்கு ஒரு திறந்த மடல்

ஹூண்டாய் மோட்டார் இந்தியா நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

உலக ரேலி சாம்பியன்ஷிப்பை (டபிள்யூஆர்சி) ராத்திரி கண்விழித்துப் பார்க்கும் சென்னைக்காரர்களில் நானும் ஒருவன். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கத்தான் இந்த மடல். ரேலிப் பாதைகளில் உங்கள் கொடியைத் தாங்கிக்கொண்டு ஓடும் ஐ20-க்கு, அந்த ஓட்டத்துக்குப் பொருத்தமான ஒரு சாலைக் காரை இங்கே செய்து விற்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து கப்பலில் கொண்டுவரச் சொல்லவில்லை. சென்னை பக்கத்தில் உள்ள உங்கள் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலேயே, உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் சாமான்களை வைத்தே செய்யலாம் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

ஐ20-க்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2008 கடைசியில் அந்தக் கார் வந்தபோது, ஐரோப்பிய வாடிக்கையாளருக்கான ஐ20-யும் சென்னையிலிருந்துதான் கப்பலேறியது. துருக்கி ஆலை அந்த வேலையை எடுத்துக்கொண்டது அதற்கு அப்புறம். 2014-ல் மான்டி கார்லோவில் ஐ20 டபிள்யூஆர்சி முதல் முறையாகக் களமிறங்கியது. அதே ஆண்டு ஜெர்மனி ரேலியில் தியரி நூவில் முதல் வெற்றியைக் கொடுத்தார். 2019, 2020 இரண்டு ஆண்டும் தயாரிப்பாளர் பட்டம் உங்களுக்கு. 2024-ல் ஜப்பானில் நூவில் ஓட்டுநர் பட்டத்தையும் வாங்கினார். செய்தியில் ‘ஐ20’ என்று படிக்கும்போதெல்லாம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஷிப்டு பஸ்கள் நினைவுக்கு வரும் ஆட்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறோம்.

அந்த வெற்றிகளுக்குத் துணையாக 2020-ல் நீங்கள் அறிமுகப்படுத்திய சாலைக் கார் ஐ20 ‘என்’. 1.6 லிட்டர் டர்போ, 204 பிஎஸ், ஆறு கியர் மேனுவல் மட்டும், முன் சக்கரங்களுக்கு நடுவே, ஒன்று வழுக்கினால் மற்றதுக்குச் சக்தியை அனுப்பும் மெக்கானிக்கல் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், 1,190 கிலோ எடை. வலதுபக்க ஸ்டீயரிங்கோடு பிரிட்டனில் விற்றது, ஆஸ்திரேலியாவில் விற்றது. இந்தியாவுக்கு வரவில்லை. நமக்குக் கிடைத்தது 2021-ல் வந்த ஐ20 ‘என் லைன்’. ஒரு லிட்டர் டர்போ, 120 பிஎஸ். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சஸ்பென்ஷனை இறுக்கினீர்கள், ஸ்டீயரிங்குக்குக் கனம் கொடுத்தீர்கள், பின்னாலும் டிஸ்க் பிரேக் வைத்தீர்கள். 2023-ல் கிளட்ச் பெடல் இல்லாத ஐஎம்டி-யை எடுத்துவிட்டு முறையான மேனுவல் கியரையும் கொடுத்தீர்கள். அந்தக் காரை வடிவமைத்தவர்களில் ஓட்டத் தெரிந்தவர் யாரோ இருக்கிறார். அவருக்கு ஒரு பெரிய இன்ஜின் கொடுத்திருக்கலாமே என்ற ஆதங்கம்தான் எனக்கு.

ரேலியில் பிறந்த கார்கள் சில நாடுகளுக்குப் போகாமல் நின்றுவிடுவது புதிதல்ல. அதற்குக் காரணங்கள் உண்டு, அவற்றில் பல நியாயமானவையும்கூட.

பந்தய விதிதான் இந்தக் கார்களின் தாய். குரூப் ஏ என்ற ரேலிப் பிரிவின் காலத்தில், ஒரு காரை ரேலியில் இறக்க வேண்டுமென்றால் அதே காரை ஆண்டுக்கு 5,000 எண்ணிக்கையில் பொதுமக்களுக்காகச் செய்தாக வேண்டும் என்றது விதி. பிறகு அது 2,500 ஆனது. தயாரிப்பாளரின் நோக்கம் அந்த எண்ணிக்கையை எட்டுவது. உலகம் முழுக்க விற்பது அல்ல. 1987 முதல் 1992 வரை ஆறு ஆண்டுகள் வரிசையாகப் பட்டம் வென்ற லான்சியா டெல்டாவின் இன்டக்ராலே இடதுபக்க ஸ்டீயரிங்கில் மட்டும்தான் ஆலையை விட்டு வெளியே வந்தது. பிரிட்டன்காரர்கள் அதை அப்படியே வாங்கி ஓட்டினார்கள், இல்லாவிட்டால் வெளியே கொடுத்து ஸ்டீயரிங்கை மாற்றிக்கொண்டார்கள். 2013-ல் ஃபோக்ஸ்வாகன் வெளியிட்ட போலோ ஆர் டபிள்யூஆர்சி சாலைக் காரும் அப்படித்தான். மொத்தமே 2,500 கார், எல்லாம் இடதுபக்க ஸ்டீயரிங். டேஷ்போர்டையும் ஸ்டீயரிங் இணைப்புகளையும் பெடல் அமைப்பையும் திருப்பிப் போட்டு, மறுபடி மோதல் சோதனை செய்யும் செலவை 2,500 காரில் பிரித்து எடுக்க முடியாது. அந்தக் கணக்கு புரிகிறது.

அமெரிக்காவில் வேறு சிக்கல். ஐரோப்பாவும் ஜப்பானும் ஏற்றுக்கொள்ளும் ஐநா வாகன விதிகளை அந்த நாடு ஏற்பதில்லை. அவர்களுக்கென்று தனிப் பாதுகாப்பு விதி, தனிப் புகை விதி. டொயோட்டா ஜிஆர் யாரிஸ் அங்கே போகாததற்கு இது ஒரு பெரிய காரணம். அந்தக் கார் ஒரு விசித்திரமான பிறவி. முன்பாதி யாரிஸின் அடித்தளம், பின்பாதி கொரோல்லாவின் அடித்தளம், கார்பன் ஃபைபர் கலந்த கூரை, அலுமினியக் கதவுகள், மூன்றே சிலிண்டரில் 1,618 சிசி டர்போ, நான்கு சக்கரங்களுக்கும் சக்தி. ஜப்பானின் மோட்டோமாச்சி ஆலையில் தனியாக ஒரு பிரிவு வைத்துச் செய்கிறார்கள். இன்னொரு சோகமும் உண்டு. எந்த ரேலி விதிக்காக அதைச் செய்தார்களோ, அந்த விதியின் கீழ் 2021-ல் இறங்க வேண்டிய பந்தயக் காரைக் கொரோனா நிறுத்திவிட்டது. 2022-ல் விதியே மாறிவிட்டது. சாலைக் கார் மட்டும் நிலைத்தது, ஜெயித்தது. அமெரிக்காவில் சாதாரண யாரிஸையே 2020-ல் நிறுத்திவிட்டிருந்தார்கள். அப்புறம் இந்தக் கொழுத்த மூன்று கதவுக் காரைத் தனியாகச் சோதனைக்கு அனுப்ப எந்த நிறுவனமும் யோசிக்கத்தான் செய்யும். ஆனால் டொயோட்டா அத்தோடு கைகழுவவில்லை. அதே இன்ஜினையும் அதே நான்கு சக்கர ஓட்ட அமைப்பையும் அமெரிக்காவில் விற்றுக்கொண்டிருந்த கொரோல்லா ஹேட்ச்பேக்குக்குள் வைத்து, 2022-ல் ஜிஆர் கொரோல்லா என்று கொடுத்தது. இந்த இடத்தைக் கொஞ்சம் மனதில் வையுங்கள். என் கோரிக்கையின் அடிப்படை இதுதான்.

ஐரோப்பாவில் சிக்கல் கார்பன் வழியாக வந்தது. 2020 முதல் 2024 வரை, ஒரு நிறுவனம் விற்கும் எல்லாக் கார்களின் சராசரிக் கார்பன் டைஆக்சைடு அளவும் ஒரு கிலோமீட்டருக்கு 95 கிராம் என்ற இலக்கை ஒட்டி இருக்க வேண்டியிருந்தது. தாண்டும் ஒவ்வொரு கிராமுக்கும், விற்ற ஒவ்வொரு காருக்கும் 95 யூரோ அபராதம். ஐ20 ‘என்’ போன்ற காரின் உயிரை அங்கே குடித்தது இந்த நெருக்கடி. 2024-ல் ஐரோப்பிய விற்பனையை நிறுத்திவிட்டீர்கள்.

சரி, இந்தியாவுக்கு வருவோம்.

இங்கே தடை சட்டமல்ல. 2018-ல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஒரு நல்ல காரியம் செய்தது. ஐரோப்பாவிலோ ஜப்பானிலோ சான்று பெற்ற வலதுபக்க ஸ்டீயரிங் கார்களை, இங்கே மறுபடி சோதனை இல்லாமல், ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 2,500 வரை கொண்டுவரலாம் என்றது. வாசலைத் திறந்தாகிவிட்டது. வாசலில் நிற்பது வரி. 20 லட்ச ரூபாய்க்குக் கப்பலில் வந்து இறங்கும் ஒரு காரை எடுத்துக்கொள்வோம். சுங்க வரி 70 சதவீதம், 14 லட்சம். 34 லட்சம் ஆயிற்று. அதன் மேல் 40 சதவீத ஜிஎஸ்டி, 13 லட்சத்து 60 ஆயிரம். 47 லட்சத்து 60 ஆயிரம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குச் சாலை வரி 20 சதவீதம், அது ஒரு ஒன்பதரை லட்சம். டீலர் லாபமும் இன்சூரன்ஸும் சேர்க்கும் முன்னாலேயே 57 லட்சத்தைத் தொட்டுவிட்டது. 20 லட்ச ரூபாய் காருக்கு!

இந்தக் கணக்கில் மாட்டிக்கொண்ட கார்களை நாம் பார்த்திருக்கிறோம். மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் டென் 2010-ல் இந்தியாவுக்கு வந்தது, அரைக்கோடியை ஒட்டிய விலையில். திருவள்ளூர் பக்கத்தில் லான்சரும் சீடியாவும் தயாராகிக்கொண்டிருந்த ஆலையின் விற்பனை வழியாகவே வந்தது. சீடியாவை வாங்கி ரேலி ஓட்டியவன் எவோவை ஷோரூம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தான். 2016-ல் போலோ ஜிடிஐ வந்தது, 99 கார் மட்டும், 25 லட்சத்து 99 ஆயிரம். வேகமாக நகரவில்லை என்றதும் 20 லட்சத்துக்குள் இறக்கினார்கள். அந்த அனுபவத்தைக் காட்டி ‘இந்தியாவில் இதற்கு ஆள் இல்லை’ என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு சிறிய மூன்று கதவுக் காருக்கு அந்த நாளில் 26 லட்சம் கேட்டால் எந்த ஊரிலும் ஆள் யோசிப்பான். 2020-ல் ஸ்கோடா தன் ஆக்டேவியா ஆர்எஸ்-இல் 200 கார் மட்டும் கொண்டுவந்தபோது விற்றுத் தீர்ந்தது. 2025-ல் கோல்ஃப் ஜிடிஐ முதல் தவணையாக 150 கார், 53 லட்சம் விலையில். அதே ஆண்டு மறுபடியும் ஆக்டேவியா ஆர்எஸ், 100 கார், 50 லட்சம். அவற்றுக்கும் முன்பதிவிலேயே ஆட்கள் வந்துவிட்டார்கள். ஐம்பது லட்சம் கொடுத்து வாங்க ஆள் இருக்கும் ஊரில், பதினாறு பதினேழு லட்சத்தில் வரும் ஒரு நல்ல காருக்கு ஆள் இருக்காது என்று எப்படிச் சொல்வது?

பதினாறு பதினேழு என்று சும்மா சொல்லவில்லை. உங்கள் வெர்னாவில் 2023 முதல் ஒரு 1.5 லிட்டர் டர்போ இன்ஜின் இருக்கிறது. 160 பிஎஸ், 253 நியூட்டன் மீட்டர், ஆறு கியர் மேனுவலோடு. 2024-ல் கிரெட்டா ‘என் லைன்’-க்கும் அதையே கொடுத்தீர்கள். ஐ20-யை விடக் கனமான இரண்டு கார்களில் அந்த இன்ஜின் ஓடுகிறது. நான் கேட்பது, அதை ஐ20-க்குள் வைக்க வேண்டும் என்பதுதான். டொயோட்டா அமெரிக்காவில் செய்ததும் இதுதானே: முழுக் காரைக் கொண்டுபோக முடியாத இடத்தில், அங்கே இருக்கும் காருக்குள் அந்த உயிரை வைத்துக் கொடுத்தார்கள்.

உங்கள் தயக்கம் எங்கே இருக்கும் என்றும் தெரியும். இந்திய ஐ20-யின் நீளம் 3,995 மில்லிமீட்டர். ஐரோப்பிய ஐ20-யை விடக் குட்டை. நான்கு மீட்டருக்குள், 1,200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் காருக்கு 18 சதவீத ஜிஎஸ்டி என்பதால் அந்த அளவு. இன்ஜின் 1.5 லிட்டர் ஆனால் நீளம் குறைந்த பயன் போய்விடும், 40 சதவீதம் கட்ட வேண்டும். ஜிஆர் யாரிஸும் இதே 3,995 மில்லிமீட்டர்தான், இன்ஜின் பெரிது என்பதால் அதற்கும் இங்கே சலுகை கிடையாது. வரிக்கு முன் 12 லட்சம் ஆகும் ஒரு ஐ20-யை நினைத்துப் பாருங்கள். 18 சதவீதம் என்றால் 14 லட்சத்து 16 ஆயிரம். 40 சதவீதம் என்றால் 16 லட்சத்து 80 ஆயிரம். வித்தியாசம் இரண்டரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். இந்தக் காரைத் தேடி வருபவன் அந்த இரண்டரை லட்சத்தைக் கொடுப்பான். இப்போதே கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறான். பழைய போலோ வாங்கி, இன்ஜினை இயக்கும் கணினியை (ஈசியூ) ரீமேப் செய்து, டர்போ மாற்றி, வாரன்ட்டியை இழந்து, எந்தச் சோதனையும் செய்யாத பிரேக்கோடு நெடுஞ்சாலையில் போகிறான். அவனை உங்கள் சோதனைத் தளத்தில் தேறிய பிரேக்கும் சஸ்பென்ஷனும் இருக்கும் காரில் உட்கார வையுங்கள் என்கிறேன்.

எரிபொருள் சிக்கன விதியும் குறுக்கே நிற்காது. இங்கே சராசரி இலக்கு 113 கிராம். உள்நாட்டில் மட்டும் ஆண்டுக்கு ஐந்தரை லட்சம் கார் விற்கும் நிறுவனம் நீங்கள். அதில் இந்தக் கார் ஆயிரம் என்று வையுங்கள். ஒவ்வொன்றும் சராசரியை விட 40 கிராம் கூடுதலாகப் புகை விட்டாலும், மொத்தச் சராசரி ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட ஏறாது.

யாருக்காகக் கேட்கிறேன் என்றும் சொல்ல வேண்டும். கோவை ரேலி நடக்கும் கேத்தனூர் காற்றாலைப் பக்கம் ஒரு முறை வந்து, ரேலிக் கார்களைப் பழுதுபார்க்கும் சர்வீஸ் பார்க்கில் நின்று பாருங்கள். செம்மண் அப்பிய போலோ ஒன்று ஸ்டாண்டில் நிற்கும். அடியில் இன்ஜினைக் காக்கும் சம்ப் கார்டு கல்லில் அடிபட்டு நெளிந்திருக்கும். மெக்கானிக் லோயர் ஆர்மைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்திக்கொண்டிருப்பார், ஒரு பையன் செல்போன் டார்ச்சைப் பிடித்திருப்பான். பக்கத்தில் தார்ப்பாயின் மேல் வரிசையாகப் பரப்பிய சாமான்களில் பாதி புதுப்பேட்டையில் வாங்கியவை. போலோவின் விற்பனை இந்தியாவில் 2022-லேயே முடிந்துவிட்டது. இன்றைக்கு ரேலியில் கால் வைக்கும் இருபது வயதுப் பிள்ளைக்கு ஷோரூமுக்குப் போய் வாங்குவதற்கு ஒரு கார் இல்லை. தேய்ந்துகொண்டே போகும் பழைய கார்களை ஒட்டுப்போட்டு ஒரு விளையாட்டு எத்தனை நாள் ஓடும்?

திறமை இந்த மண்ணில் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கௌரவ் கில் 2013, 2016, 2017 என்று மூன்று முறை ஆசிய பசிபிக் ரேலி பட்டம் வென்றது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எம்ஆர்எஃப் அணிக்காக. 2022-ல் எஃப்ரென் யாரெனா ஐரோப்பிய ரேலி சாம்பியன் ஆனபோது அவர் காரில் சுழன்றது எம்ஆர்எஃப் டயர். ஆனால் இரண்டு பேர் ஓட்டியதும் ஸ்கோடா. உங்கள் காருக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. 2023-ல் மறைந்த கிரெய்க் ப்ரீன் ஐரோப்பாவில் எம்ஆர்எஃப் அணிக்காக ஓட்டியது ஹூண்டாய் ஐ20 ஆர்5. சென்னை டயரும் சென்னையில் பிறந்த காரின் பெயரும் ஒன்றாகப் போய்ப் போட்டியிட்ட இடம் ஐரோப்பா. இங்கே அந்தச் சேர்க்கைக்கு இன்னும் வாய்ப்பு வரவில்லை.

இத்தனைக்கும் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் இருப்பது இருங்காட்டுக்கோட்டையில், உங்கள் ஆலைக்கு அண்டையில். 1990-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கட்டிய ஓடுதளம். நாட்டில் எந்தக் கார் நிறுவனத்துக்கும் இப்படி ஒரு அக்கம்பக்கம் அமைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இளைஞர் கையில் வேகமான கார் கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இந்தியச் சாலைகளில் சாகிறவர்களின் எண்ணிக்கை தெரிந்த எவரும் இதைத் தட்டிக்கழிக்க முடியாது. என் பதில், இந்தக் காரோடு பயிற்சியையும் சேர்த்து விற்க வேண்டும் என்பது. கார் வாங்கும் ஒவ்வொருவருக்கும் அந்தச் சர்க்யூட்டில் ஒரு நாள். எங்கே பிரேக் போடுவது, பின்சக்கரம் வழுக்கினால் என்ன செய்வது, ஈரத் தரையில் கார் எவ்வளவு தூரம் போய் நிற்கும் என்று சொல்லிக்கொடுங்கள். அந்த ஒரு நாளுக்கான செலவைக் காரின் விலையிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள், நாங்கள் முகம் சுளிக்க மாட்டோம்.

காரைப் பற்றி: மேனுவல் கியர் ஒன்று போதும், ஆட்டோமேட்டிக் இதில் வேண்டாம். சன்ரூஃப் வேண்டாம், அது கூரையில் சேர்க்கும் எடை வேண்டாம். பேசும் டேஷ்போர்டும் கலர் விளக்கும் வேண்டாம். அந்தப் பணத்தில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் வையுங்கள், 160 பிஎஸ்-ஐ முன் சக்கரங்களுக்கு அனுப்பும் காருக்கு அது இல்லாமல் முடியாது. பெரிய முன் டிஸ்க், நல்ல டயர். ஆறு ஏர்பேக் இருக்கட்டும்.

ரேலிக்காரர்களுக்குத் தனியாக ஒன்றும் வேண்டும். பந்தய உரிமம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும், பின்சீட்டும் ஆடியோவும் அண்டர்கோட்டும் இல்லாத ஐ20 ஒன்று, ரோல்கேஜ் (கார் உருண்டால் உள்ளே இருப்பவரைக் காக்கும் இரும்புக் கூண்டு) வெல்டு செய்யத் தோதாக. ஆண்டுக்கு ஐம்பது செய்தாலே போதும். கூடவே லோயர் ஆர்ம், ஹப், டிரைவ் ஷாஃப்ட், கியர்பாக்ஸ் சாமான்கள் பத்து வருடத்துக்குக் கிடைக்கும் என்ற எழுத்துப்பூர்வமான உறுதி. கோவையிலும் சென்னையிலும் காரேஜ் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், இன்ஜின் சக்தியை விட இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

2001-ல் சுபாரு தன் இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது. அதுவரை அங்கிருந்தவர்கள் அந்தக் காரை டிவியிலும் வீடியோ கேமிலும் மட்டும் பார்த்தவர்கள். டபிள்யூஆர்எக்ஸ் போய் விற்றுக் காட்டியது. பின்னாலேயே 2003-ல் மிட்சுபிஷி எவோவைக் கொண்டுவந்தது, அப்புறம் சுபாருவின் எஸ்டிஐயும் போனது. ஆள் இல்லை என்று எல்லோரும் ஒதுக்கிய சந்தையில் முதலில் போனவருக்கு ஒரு தலைமுறையின் விசுவாசம் கிடைத்தது. இந்தியாவில் அந்த முதல் இடம் இன்னும் காலியாக இருக்கிறது. ஜிடிஐ-யும் ஆர்எஸ்-உம் நூற்றுக்கணக்கில் வந்து போகின்றனவே தவிர, இங்கேயே செய்த, கடன் வாங்கியாவது சம்பளக்காரன் எட்டிப்பிடிக்கக்கூடிய ஒன்று வரவில்லை.

முடியும் என்று நினைத்தால், முதலில் ஒரே ஒரு ஐ20-இல் அந்த 1.5 இன்ஜினை வைத்துச் சோதனைக் கார் ஒன்று செய்யுங்கள். அடுத்த தென்னிந்திய ரேலி நடக்கும்போது அதைச் சர்வீஸ் பார்க்குக்கு ஓட்டி வரச் சொல்லுங்கள். விளம்பரப் பலகை வேண்டாம், மேடை வேண்டாம். பொறியாளர் ஒருவர் பானெட்டைத் திறந்து வைத்து நின்றால் போதும். யார் வாங்குவார்கள், எவ்வளவுக்கு வாங்குவார்கள், எது உடையும் என்று அங்கே வருகிற ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் அன்றைக்கே சொல்லிவிடுவார்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
சென்னை ரேலி ரசிகன்